ஆள் தூக்கும் எடை

சென்னையின் மேற்கே பட்டாபிராம், ஆவடி, அம்பத்தூர் வட்டாரம் பாகங்களைப் பூட்டிப் பிழைத்த வட்டாரம். ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு, 1955 அக்டோபர் 2ஆம் தேதி, இதே ரயில் பாதையில் கிழக்கே இருக்கும் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு திறந்துவைத்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பட்டறைகள் 1960களிலிருந்து உதிரி பாகங்களைக் கடைந்து கொடுத்துவருகின்றன. ஓரிடத்தில் அளவெடுத்துச் செய்த பாகம் இன்னோரிடத்தில் இம்மி பிசகாமல் உட்கார வேண்டும் என்பது இங்குள்ள தொழிலாளர் குடும்பங்களுக்கு மூன்று தலைமுறையாகப் பழகிய பாடம். ஆனால் அதே தொழிலாளி வைப்புநிதிப் பணத்தை எடுத்து வீடு கட்டத் தொடங்கினால் தெருவில் மணல் கொட்டுகிறார்கள், செங்கல் அடுக்குகிறார்கள், முட்டுக் கொடுத்து சென்ட்ரிங் அடிக்கிறார்கள், கலவை சட்டி சட்டியாகக் கைமாறி மேலே போகிறது. மழை வந்தால் வேலை நின்றுவிடுகிறது. பெட்டியையும் டாங்கியையும் பாகம் பாகமாகச் செய்தவர்களின் வீடு மட்டும் ஏன் இப்படிக் கட்டப்படுகிறது?

நம் மக்கள் பழக்கத்தை விடமாட்டார்கள், தட்டினால் 'டொக்'கென்று சத்தம் கேட்கும் சுவரை நம்பமாட்டார்கள் என்பது வழக்கமாகக் கிடைக்கும் பதில். கட்டுமான நிறுவனங்களின் விளக்கக் கூட்டங்களிலும் இதைத்தான் சொல்கிறார்கள். வரலாறு இதை ஆதரிக்கவில்லை. முன்கூட்டியே செய்த கட்டடப் பாகங்களை இந்த வட்டாரம் ஏறத்தாழ 2000 ஆண்டுகளாக வாங்கிப் பயன்படுத்தி வந்திருக்கிறது. அது ஏற்க மறுத்தது, தொழிற்சாலையிலிருந்து முழுசாக வந்திறங்கும் வீட்டை மட்டுமே. அப்படி மறுத்ததற்குத் தெருவின் அகலம், கையிலிருக்கும் பணம், பாகத்தின் எடை என்று உருப்படியான காரணங்கள் இருந்தன. ஆகவே முன்தயாரிப்புக் கட்டுமானத்தின் நன்மைகள் இங்கே வந்து சேர வேண்டுமானால், ஆட்கள் தூக்கிப் பொருத்தக்கூடிய சிறு பாகங்கள் வழியாகத்தான் சேரும் என்பது என் வாதம்.

முதல் சாட்சி மண்ணுக்கடியில் இருக்கிறது. பட்டாபிராமிலிருந்து மேற்கே, திருவள்ளூரைத் தாண்டி, கொசஸ்தலையாற்றங்கரையில் பட்டரைப்பெரும்புதூர் இருக்கிறது. தமிழக தொல்லியல் துறை 2015-16இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது; சுடுமண் உறைகிணறு வெளிப்பட்டது. கீழடியிலும் அரிக்கமேட்டிலும் உறைகிணறுகள் உண்டு, பட்டினப்பாலையும் அதைக் குறிப்பிடுகிறது. குயவர் ஒரே விட்டத்தில் வளையங்களைச் சுட்டுத் தருகிறார். முதல் உறையை மண்மேல் வைத்து, உள்ளே ஆள் இறங்கி அடிமண்ணைத் தோண்ட, உறை தன் எடையிலேயே கீழிறங்குகிறது. அதன்மேல் அடுத்த உறை. மணற்பாங்கான இடத்தில் பக்கவாட்டு மண் சரியாமல் கிணறு எடுக்க இதைவிட எளிய வழியை இன்றுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரே அளவு, வேறிடத்தில் உற்பத்தி, மனையில் பொருத்துதல் மட்டும், ஒன்று உடைந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும் மாற்று: இன்று 'மாடுலர்' என்று விளம்பரப்படுத்தப்படும் குணங்கள் அத்தனையும் அதில் இருக்கின்றன. சுடுமண் போய் சிமெண்ட் வந்தது, அவ்வளவுதான். புறநகர்ச் சாலையோரக் களங்களில் அடுக்கி வைத்திருக்கும் கிணற்று உறையும் செப்டிக் டேங்க் உறையும் அந்த வரிசையின் கடைசிக் கண்ணிகள்.

அதே களங்களில் ரெடிமேட் காம்பவுண்டுக்கான கால்களும் பலகைகளும் கிடைக்கும். அது இந்தப் புறநகரில் பரவிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இருபுறமும் பள்ளம் விட்டு வார்த்த கால்களைக் குழிகளில் நட்டு, அந்தப் பள்ளத்துக்குள் பலகைகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்குகிறார்கள். இடையில் கலவை கிடையாது, பூச்சு கிடையாது, நாலைந்து பேர் ஒரு மனையை ஓரிரு நாளில் வளைத்துவிடுவார்கள். ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த கிராமங்கள் மனைப்பிரிவுகளாக மாறியபோது, வாங்கிய இடத்தில் உடனே வீடு கட்ட முடியாதவர்களே அதிகம். ஆக்கிரமிப்பு பயத்துக்கு அவர்களுக்கு உடனடியாக ஒரு வேலி வேண்டியிருந்தது, அது பின்னால் கழற்றக்கூடியதாகவும் இருக்க வேண்டும். வீடு கட்டும் நாளில் பலகைகளை உருவி விற்கலாம், அல்லது வேறு மனைக்குக் கொண்டுபோகலாம். எந்த அரசுத் திட்டமும் மானியமும் இல்லாமல், வாங்குபவரின் தேவையும் விற்பவரின் கணக்கும் பொருந்திய ஒரே காரணத்தால் ஒரு ப்ரீகாஸ்ட் (முன்வார்ப்பு) தொழில் பரவியது. சிமெண்ட் ஜன்னல் ஜாலி, மரத்துக்குப் பதிலான சிமெண்ட் நிலை எல்லாம் இதே கதைதான். இவ்வளவையும் வீட்டைச் சுற்றியும் வீட்டுக்குள்ளும் வைத்திருக்கும் மக்களைப் பழமைவாதிகள் என்று எப்படிச் சொல்வது?

ராணுவம் இந்த ஊருக்கு விட்டுச்சென்ற பாடமும் அதே பக்கம்தான் சாய்கிறது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆவடி படைத்தளமாகவும் கிடங்காகவும் மாறியது. பட்டாபிராமிலிருந்து கிளை பிரியும் பாதையில் 'மிலிட்டரி சைடிங்', 'இ டெப்போ' என்று நிலையங்களுக்கே பெயர் அமைந்தது. முன்தயாரிப்பின் நவீன வரலாறு பெரும்பாலும் போர்களின் வரலாறு. பீட்டர் நிசன் என்ற ராணுவப் பொறியாளர் 1916இல் வடிவமைத்த அரைவட்டத் தகரக் குடிலை ஒரு வண்டியில் ஏற்றிப் போய் 6 பேர் 4 மணி நேரத்தில் நிறுத்திவிடலாம். 1940களில் டொனால்ட் பெய்லி வடிவமைத்த பாலத்தின் பலகம் 10 அடி நீளமும் ஏறத்தாழ 260 கிலோ எடையும் கொண்டது. அதையும் 6 பேர் தூக்கலாம். கிரேன் போக முடியாத இடத்தில் பாலம் வேண்டும் என்ற நிபந்தனையிலிருந்து பிறந்த எடை அது. 2024 ஜூலை கடைசியில் வயநாட்டில் நிலம் சரிந்து ஊர்கள் புதைந்தபோது, சூரல்மலையில் ராணுவத்தின் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் வீரர்கள் 190 அடி நீளத்துக்கு அந்தப் பெய்லி பாலத்தையே போட்டு ஆகஸ்ட் 1ஆம் தேதி வண்டிகளை அக்கரைக்கு அனுப்பினார்கள். 80 ஆண்டு பழைய வடிவம் இன்றும் உயிர் காக்கிறது என்றால், அதை வடிவமைத்தவர் பாலத்தைப் பற்றி யோசிக்கும்போதே அதைத் தூக்கப்போகும் ஆட்களைப் பற்றியும் யோசித்திருந்தார் என்பதால்தான்.

இதற்கு நேர்மாறான கதை டெல்லியில் நடந்தது. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்காக 1948இல் மத்திய அரசு வீட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கியது. அதன் பின்னணியில் இருந்தவர் ஓட்டோ கோனிக்ஸ்பெர்கர். நாஜி ஜெர்மனியைவிட்டு வெளியேறி, மைசூர் சமஸ்தானத்தில் தலைமைக் கட்டடக் கலைஞராக இருந்து, மத்திய அரசின் வீட்டு வசதி இயக்குநரானவர். நுரைத்த இலேசான கான்கிரீட்டில் சுவர்ப் பலகைகளை வார்த்து, வீடுகளை வரிசையாக உற்பத்தி செய்வது திட்டம். பலகைகள் விரிசல் விட்டன. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுந்தன. வீடுகள் வரவில்லை, கோனிக்ஸ்பெர்கர் 1951இல் இந்தியாவை விட்டுப் போனார். இந்தியாவில் முன்தயாரிப்பு எடுபடாது என்பதற்கு ஆதாரமாக இந்தத் தோல்வியை எடுத்துக்காட்டுவது வழக்கம். அந்தத் தொழிற்சாலைக்கு அதன்பின் என்ன ஆனது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கதை முழுமை பெறும். அது 1953இல் இந்துஸ்தான் ஹவுசிங் பேக்டரி ஆகி, 1978இல் இந்துஸ்தான் ப்ரீஃபேப் என்ற பெயர் பெற்று, கம்பங்களும் ரயில் ஸ்லீப்பர்களும் கான்கிரீட் பாகங்களும் செய்து பிழைத்தது. முழு வீடு செய்யப் போனபோது நொடித்த இடம் பாகங்கள் செய்து நிமிர்ந்தது. அகதிகளின் அவசரத்தை நினைத்தால் கோனிக்ஸ்பெர்கரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ஆனால் சோதித்து முடிக்காத ஒரு பொருளை லட்சக்கணக்கானவர்களின் கூரையாக அறிவித்தது பெரும் பிழை.

ரயில் பெட்டி முழுசாகத்தானே தொழிற்சாலையைவிட்டு வருகிறது, அதில் ஆட்கள் தூங்குகிறார்கள், கழிப்பறை இருக்கிறது, மின்விளக்கு எரிகிறது, பெரம்பூரில் முடிந்தது வீட்டில் முடியாதா என்று கேட்கலாம். பெட்டிக்குச் சக்கரம் உண்டு, அது போகும் வழியெல்லாம் ஒரே அகலத்தில் தண்டவாளம் உண்டு, வாங்குபவர் ஒரே ஒருவர், அவர் ஆண்டுதோறும் வாங்குகிறார். சிங்கப்பூரில் முழு அறைகளையே தொழிற்சாலையில் முடித்து அடுக்குமாடியாக ஏற்றுகிறார்கள். 2014இலிருந்து குறிப்பிட்ட அரசு மனைகளில் இந்த முறையைக் கட்டாயமாக்கியும் இருக்கிறார்கள். அங்கேயும் கதை ரயில்வேயின் கதைதான். 1960இல் உருவான வீட்டு வசதி வாரியமே அந்த நாட்டின் பத்தில் எட்டுப் பேருக்கு வீடு கட்டும் ஒற்றைப் பெரும் வாடிக்கையாளர். அதன் ப்ரீகாஸ்ட் களங்களில் வேலை செய்துவிட்டுத் திரும்பிய தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் ஏராளம். கைத்திறன் ஊருக்கு வந்துவிட்டது, அந்த வாடிக்கையாளர் வரவில்லை.

பட்டாபிராமில் வீடு கட்டுபவர் தனி ஆள். அவரிடம் இருப்பது அரை கிரவுண்டோ ஒரு கிரவுண்டோ, எதிரில் 20 அடித் தெரு, தலைக்குமேல் மின்கம்பிகள். தரைத்தளத்தைக் கட்டிக் குடிபோவார். தூண்களின் கம்பிகளை மொட்டை மாடியில் நீட்டி விட்டிருப்பார். மகளின் திருமணம் முடிந்தபின், அல்லது கடன் அடைந்தபின், மேல் மாடி எழும்பும். பிறகு வாடகைக்கு ஒரு போர்ஷன். ஒரே தவணையில் முடிந்து வரும் வீடு இந்த வாழ்க்கைக் கணக்கில் எங்கே பொருந்தும்? சென்னை ஐஐடி 2013இல் தன் வளாகத்தில் ஜிப்சம் பலகைகளைக் கொண்டு இரண்டு தளங்களில் நான்கு வீடுகளை ஒரு மாத அளவில் கட்டிக் காட்டியது. கண்ணாடி இழை சேர்த்த அந்தப் பலகைகள் கொச்சியில் உரத் தொழிற்சாலைக் கழிவான ஜிப்சத்திலிருந்து தயாரானவை. அருமையான பொருள், கழிவுக்கும் வழி பிறக்கிறது. ஆனால் பலகை 12 மீட்டர் நீளம், 3 மீட்டர் உயரம், சதுர மீட்டருக்கு 44 கிலோ. தேவைக்கேற்ப வெட்டி அனுப்பினாலும் 4 மீட்டர் துண்டு ஒன்று 500 கிலோவைத் தாண்டும். அதை நிறுத்தக் கிரேன் வேண்டும், கிரேன் கை நீட்ட இடம் வேண்டும். பெரிய குடியிருப்புக்கு அது சரி. குறுக்குத் தெருவில் நடுவே சிக்கிய ஒரு மனைக்கு அது எட்டாது.

எட்டக்கூடிய விடையும் இந்தியாவிலேயே இருக்கிறது, கவனிப்பாரில்லாமல். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பலகையும் உத்திரமுமாக ஒரு கூரை முறையை உருவாக்கியது. ஒன்றரை மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் 30 செ.மீ. அகலப் பலகைகளை இரண்டு பேர் தூக்கி உத்திரங்களின்மேல் வரிசையாக வைத்து, மேலே மெல்லிய கான்கிரீட் போட்டால் தளம் முடிந்தது. சென்ட்ரிங் தகடு பரப்பி, முட்டுக் கொடுத்து, வாரக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. கேரளத்தின் கொல்லத்தில் 1980களின் நடுவில் பிறந்த நிர்மிதி கேந்திரம் என்ற கட்டட மையத்தை முன்மாதிரியாக்கி, 1988இலிருந்து மத்திய அரசின் வீட்டு வசதி நிறுவனமான ஹட்கோ நாடெங்கும் கட்டட மையங்களை ஊக்குவித்தது. தமிழ்நாட்டிலும் ஊரகக் கட்டட மையங்கள் சிமெண்ட் நிலைகளும் கூரைப் பாகங்களும் வார்த்தன. அவை ஒரு பெரும் தொழிலாக வளராததற்கு மக்களின் விருப்பத்தைவிட வரியும் ஒப்பந்த முறையுமே காரணம் என்று நினைக்கிறேன். இன்றைய வரிவிதியைப் பாருங்கள். தனி வீட்டுக்குக் கூலி ஒப்பந்தம் பேசிக் கட்டினால் அந்தக் கூலிக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதே கூலி ஒரு களத்தில் கான்கிரீட் பலகையாக உருவெடுத்து வந்தால் பலகையின் முழு விலைக்கும் 18 சதவீதம். மனையில் வார்த்தால் சலுகை, களத்தில் வார்த்தால் வரி என்று இருக்கும்போது மேஸ்திரி எந்தப் பக்கம் போவார்?

பாதுகாப்பு பற்றிய ஆட்சேபம் கனமானது, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. லண்டனின் ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடி ப்ரீகாஸ்ட் கட்டடத்தில் 1968 மே 16 அன்று 18ஆவது மாடியில் கேஸ் கசிந்து வெடித்தது. ஒரு சுவர்ப் பலகை வெளியே தள்ளப்பட, அந்த மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை அடுக்கடுக்காகச் சரிந்தது. 4 பேர் இறந்தார்கள். குஜராத்தில் 2001 நிலநடுக்கத்தின்போது ப்ரீகாஸ்ட் பள்ளிக் கட்டடங்கள் பல இடிந்தன. இரண்டு இடத்திலும் பலகை பலவீனமாக இருந்ததைவிடப் பலகைகளைச் சேர்த்த இணைப்பு பலவீனமாக இருந்ததே குற்றம். இந்த அனுபவங்களுக்குப் பின் விதிகள் எழுதப்பட்டன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2010இல் ப்ரீகாஸ்ட் கட்டடங்களுக்குத் தனி நெறிமுறையே வெளியிட்டது. மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். போரூருக்குப் பக்கத்தில் மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடிக் கட்டடம் ஒன்று மண்ணோடு மண்ணாகி 61 உயிர்களைக் கொண்டுபோனது. அது வழக்கமான முறையில், மனையிலேயே கான்கிரீட் போட்டு எழுப்பிய கட்டடம். வார்ப்பு எந்த இடத்தில் நடக்கிறது என்பது தானாக யாரையும் காப்பாற்றாது. ஆனால் களத்தில் வார்த்த பலகையைப் பொருத்துமுன் அளக்கலாம், எடை ஏற்றிச் சோதிக்கலாம், தேறாததை ஒதுக்கலாம். மனையில் ஊற்றிய தளத்தில் குறை தெரியும்போது அது ஏற்கெனவே தலைக்குமேல் இருக்கிறது. எனக்கு முன்தயாரிப்பின் முதல் நன்மை இதுதான். விளம்பரங்கள் கொண்டாடும் வேகம் அதற்குப் பின்னால்தான் வரும்.

தண்ணீரையும் மணலையும் இந்த நன்மைக் கணக்கில் சேர்க்க வேண்டும். மனையில் போட்ட தளத்துக்குப் பாத்தி கட்டி ஒரு வாரம் பத்து நாள் தண்ணீர் நிறுத்த வேண்டும். 2019 கோடையில் சென்னை தண்ணீர் லாரிக்காகத் தெருவில் காத்திருந்தபோது கட்டிக்கொண்டிருந்தவர்கள் அந்தத் தண்ணீருக்கு என்ன செய்திருப்பார்கள்? நனைக்காமல் விட்ட தளம் வெளியே ஒன்றும் காட்டாது, சில ஆண்டுகள் கழித்துத்தான் கம்பி துருப்பிடித்துப் பூச்சு உதிரும். களத்தில் ஒரே தொட்டித் தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆற்று மணலை அள்ளி அள்ளிப் பாலாறும் கொசஸ்தலையாறும் என்ன ஆயின என்பதை இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டாம். தெருவில் கொட்டி, மழையில் கரைந்து, வடிகாலை அடைத்து வீணாகும் மணல் களத்தில் மிச்சமாகும்.

கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுபவர் ஆகியோரின் வேலை போய்விடாதா? இந்தக் கேள்வியை எழுப்புபவர்கள் சரியாகவே எழுப்புகிறார்கள். கிரேனும் முழு அறையும் வந்தால் போகத்தான் போகும். இரண்டு பேர் தூக்கும் பாகமாக வந்தால் வேலை போவதைவிட இடம் மாறும். இன்று கட்டடத் தொழிலாளி விடியலில் சந்திப்பில் நின்று அன்றைய வேலையைத் தேடுகிறார். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. 1994இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைத்த மாநிலம் இது, ஆனால் தினம் ஒரு மனைக்கு மாறும் ஆளைப் பதிவேட்டில் பிடித்துவைப்பது கடினம். கூரையுள்ள களத்தில் ஆண்டு முழுவதும் வேலை, கழிப்பறை, வருகைப்பதிவு, ஈ.எஸ்.ஐ. எல்லாவற்றையும் கேட்டுப் பெறலாம். தலையில் சட்டி சுமந்து மாடியேறும் பெண்ணுக்கு அச்சில் வார்க்கும் வேலை கற்றுத்தந்தால் கூலியும் உயரும், இடுப்பெலும்பும் தப்பும். தானாக இது நடக்காது, களங்களைத் தொழிற்சாலைகளுக்கான சட்ட விதிகளுக்குள் கொண்டுவந்தால் நடக்கும்.

சென்னையின் ஆகப்பெரிய அண்மைச் சோதனை தென்புறத்தில், பெரும்பாக்கத்தில் நடந்தது. மத்திய அரசின் 'லைட் ஹவுஸ்' வீட்டு வசதித் திட்டத்தின் 6 நகரங்களில் ஒன்றாக, 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டி, 2022 மே 26 அன்று 1,152 வீடுகள் திறக்கப்பட்டன. 12 கட்டடங்கள், ஒவ்வொன்றிலும் தரைத்தளமும் 5 மாடிகளும். கொரோனா குறுக்கிட்டும் 17 மாதத்துக்குள் முடிந்தது. இங்கேயும் வந்தவை முழு வீடுகள் அல்ல. தூண், உத்திரம், தளப்பலகை என்று பாகங்களாகவே கொண்டுவந்து பொருத்தினார்கள். ஒரே இடம், ஒரே வடிவம், ஒரே வாடிக்கையாளர் இருந்ததால் கனமான பாகங்களும் கிரேனும் கட்டுப்படியாயின. ஆனால் நகரத்தின் ஆற்றங்கரைகளிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்கள் வேலையையும் பள்ளியையும் விட்டு இருபது முப்பது கிலோமீட்டர் தள்ளி வந்து குடியேறிய பகுதி பெரும்பாக்கம். கட்டும் வேகம் அந்தத் தூரத்தைக் குறைக்கவில்லை. தவறான இடத்தில் வேகமாகக் கட்டினால் தவறும் வேகமாகவே நிகழும் என்பதால், மக்கள் ஏற்கெனவே வாழும் தெருக்களில் அவரவர் மனையிலேயே வீட்டை மேம்படுத்த உதவும் சிறு பாகங்களை நான் முன்னிறுத்துகிறேன்.

ஆவடி 2019இல் மாநகராட்சி ஆனது. பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா 2024 நவம்பரில் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி இனிப் பழைய வீடுகள் மாடி எடுக்கும், காலி மனைகள் நிரம்பும். இந்தக் கட்டுமான அலை வருமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. சாலையோரக் களங்களில் இன்று கலவை விகிதத்தையும் கம்பியின் கனத்தையும் யாரும் சோதிப்பதில்லை. வேலிப் பலகைக்கு அது போதும், தலைக்குமேல் போகும் பலகைக்குப் போதாது. கூரைப் பலகை வார்க்கும் களங்களுக்குத் தர முத்திரையும், வட்டாரத்திலேயே மலிவான சோதனைக்கூடமும், இணைப்பு போடும் முறையில் மேஸ்திரிகளுக்குப் பயிற்சியும் வேண்டும். அம்பத்தூரின் தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டரும் டர்னரும் படிப்பதுபோல இதையும் ஒரு பாடமாக்கலாம். தனி வீட்டுக்கு வாங்கும் ப்ரீகாஸ்ட் பாகங்களுக்கு, கூலி ஒப்பந்தத்துக்குக் கிடைக்கும் அதே வரிச் சலுகை கிடைக்க வேண்டும். மாநகராட்சி தன் மழைநீர் வடிகால் மூடிகளையும் பள்ளிச் சுற்றுச்சுவர்களையும் அங்கன்வாடிக் கூரைகளையும் ஒரே அளவுத்தொகுப்பில், சோதனை தேறிய களங்களிலிருந்து ஆண்டு ஒப்பந்தத்தில் வாங்கத் தொடங்கினால், இந்தக் களங்களுக்கு இதுவரை கிடைக்காத அந்த நிலையான வாடிக்கையாளர் கிடைத்துவிடுவார். அளவுகள் ஒருமுறை நிலைத்துவிட்டால் தனி வீட்டுக்காரரும் அதே பலகையைத் தன் மேல் மாடிக்கு வாங்குவார்.